இயன்முறைச் சிகிச்சையாளரா, உதவியாளரா: அமெரிக்காவில் இரண்டு வழிகள்

அமெரிக்காவில் இயன்முறைச் சிகிச்சையாளராக (பிசியோதெரபிஸ்ட்) வேண்டுமெனில், இளங்கலைப் பட்டத்துக்குப் பின் பெரும்பாலும் 3 ஆண்டுகள் முனைவர் நிலைப் படிப்பு தேவை; உதவியாளருக்கோ, சமுதாயக் கல்லூரிகளிலேயே கிடைக்கும் ஏறத்தாழ 2 ஆண்டு அசோசியேட் பட்டம் போதும். இருவருமே தேசியத் தேர்வில் தேறி மாநில உரிமமோ சான்றோ பெற்றாக வேண்டும் என்பதால், உதவியாளரை எடுபிடி என்று எண்ணுவது தவறு.

வேறுபாடு தெளிவாகத் தெரிவது நோயாளியின் அருகில்தான். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரைப் பரிசோதித்து, சிகிச்சைத் திட்டத்தை வகுப்பவர் சிகிச்சையாளர். அதன்பின் நோயாளியை நடக்கப் பழக்குவதும், முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று கோணமானியால் அளந்து குறிப்பதும், திட்டத்தின் எல்லைக்குள் பயிற்சியைக் கூட்டிக் குறைப்பதும் உதவியாளரின் வேலை. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் தென்பட்டால், இரத்தக்கட்டாக இருக்கலாம் என்று பயிற்சியை நிறுத்திச் சிகிச்சையாளருக்குத் தெரிவிக்க வேண்டுமே தவிர, திட்டத்தைத் தாமே மாற்றக் கூடாது.

ஊதியத்தில் சிகிச்சையாளரே மேல். கல்விக் கடனிலும் பெரும்பாலும் அப்படியே. 2022 முதல், உதவியாளர் அளிக்கும் புறநோயாளி சிகிச்சைக்கு முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர் வழக்கமான தொகையில் 85 விழுக்காட்டையே தருவது உதவியாளர்களுக்குப் பாதகம்தான். நோயாளியோடு நேரடியாகப் பழக விரும்பி, திட்டம் வகுக்கும் பொறுப்பை நாடாதவருக்கு, என் கணிப்பில், உதவியாளர் வழியே பொருந்தும்; பின்னாளில் மனம் மாறிச் சிகிச்சையாளராக விரும்பினால், பெரும்பாலும் இளங்கலைப் பட்டத்தையும் முடித்தாக வேண்டியிருக்கும்.