உச்சி வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துணி: 60 செ.மீ. ஃபைவ் இன் ஒன் ரிஃப்ளெக்டர்

பூ, பூச்சியைப் படம் எடுக்க வேண்டுமா, காலை ஆறு மணிக்குப் போ, எட்டு மணிக்குப் பையைக் கட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை முடித்து நான் கிளம்பவே பதினொன்றாகிவிடும், அதுவும் ஏப்ரல் கடைசியில் சென்னைப் பக்கம் சூரியன் நட்டுக்குத்தாகத் தலைக்கு மேல். அதனால்தான் வெளிச்சத்தைத் திருப்பவும் மட்டுப்படுத்தவும் பயன்படும் இந்த மடக்கு வளையத்தை வாங்கினேன்.

பேருக்குத்தான் ஐந்து. வெள்ளி, தங்கம், வெள்ளை, கருப்பு என்று ஜிப் வைத்த உறை, அதைக் கழற்றினால் உள்ளே வளையத்தில் இழுத்துத் தைத்த மெல்லிய டிஃப்யூசர் துணி, அதாவது வெயிலை வடிகட்டி மென்மையாக்கும் துணி. நான் காசு கொடுத்தது இந்தத் துணிக்கு மட்டும்தான். தங்கப் பக்கத்தை ஒரே ஒரு முறை பிடித்துப் பார்த்தேன், இலைக்கெல்லாம் மஞ்சள் காமாலை.

ஆவாரம்பூவில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நேர் வெயிலில் எடுத்தால் இதழ் முழுக்க ஒரே மஞ்சள் அப்பல். கேமராவில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்கிறது, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதாவது அளவு மீறி விவரம் போய்விட்டது. துணியைப் பூவுக்கு ஒரு முழம் மேலே பிடித்ததும் இதழின் நரம்பு ஒவ்வொன்றாக வந்துவிட்டது. ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல், அதாவது பாதிக்கும் கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் குறைகிறது, பரவாயில்லை, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பூ மட்டும் நிழலில் இருந்து பின்னால் தரை வெயிலில் கிடந்தால் பின்னணி வெளுத்துப் போகும், அதனால் உட்கார்ந்து குனிந்து ஏதாவது புதரின் நிழல் பின்னால் வருகிற கோணமாகத் தேட வேண்டும்.

தட்டானிடம் இது பலிக்கவில்லை. உச்சி வெயிலில் குளத்தங்கரைத் தட்டான் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், உடம்பில் வெயில் படுவதைக் குறைக்க. அந்தப் போஸுக்காகவே போய், மெல்லத் துணியை நீட்டினேன். நிழல் விழுந்ததும் சாவகாசமாக வாலை இறக்கிவிட்டது. வெயிலே இல்லை, அப்புறம் அதற்கு எதற்கு சர்க்கஸ்? அதை வெயிலிலேயே, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொண்டேன்.

காற்றடித்தால் இது பாய்மரம்தான், ஒரு கையில் நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸை வைத்துக்கொண்டு தனியாளாகச் சமாளிக்க முடியாது. மூன்றாம் மாதமே ஜிப் தையல் விட்டது. விற்ற கடைக்காரர் கைவிரித்துவிட்டார். பறவை எடுப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். பூ, காளான், பூச்சி என்றால் 60 செ.மீ. தாராளம், 110 வாங்கினால் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மடிக்கும் விதத்தை மட்டும் வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள், முதல் நாள் பஸ்ஸில் என்னுடையது படாரென்று விரிந்து பக்கத்து சீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.