பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா? தர்மபுரியில் கார் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஷோரூமில் வழக்கமாகக் கிடைப்பது பத்து நிமிடம். வாசலில் ஏறி, பைபாஸில் கொஞ்ச தூரம் போய், யூ டர்ன் போட்டால் முடிந்தது. அதற்குள் சீட் உயரம், கிளட்ச் எவ்வளவு கனம், பின்னால் வருவது கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டு மூன்று மாடலில் எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க இது போதும்.

வாங்குவது என்று முடிவான காருக்கு மட்டும் ஒரு மணி நேரம் கேளுங்கள். தொப்பூர் கணவாய் பக்கத்தில்தானே இருக்கிறது! சேலம் பக்கமாக இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் வேகம் ஏறாமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கிறதா என்று தெரியும். திரும்பி ஏறும்போது ஏசியைப் போட்டு, வீட்டு ஆட்களையும் உட்காரவைத்து, லாரிக்குப் பின்னால் வேகம் குறைந்தபின் மறுபடி மிதித்துப் பாருங்கள். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்த சின்ன பெட்ரோல் இன்ஜின் என்றால், அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் இழுக்கும். பைபாஸ் சமதளத்தில் இது அவ்வளவாகத் தெரியாது.

பின்சீட்டில் உட்கார்ந்த அம்மாவுக்கு முட்டி வலிக்கிறதா என்பதும் அரை மணிக்கு அப்புறம்தான் தெரியும்.

"அவ்வளவு தூரம் தர மாட்டோம் சார்" என்பார்கள். எரிபொருள் செலவும் சுங்கமும் நான் தருகிறேன், உங்கள் ஆளையும் கூட அனுப்புங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கூட்டமில்லாத வார நாள் காலையில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.