ஃப்ரீரேடியஸ்: மூன்று வருஷம் கழித்தும் அதே சான்றிதழ் சண்டை

ஃப்ரீரேடியஸ் என்பது, வைஃபையில் சேர வருபவர் யார் என்று பார்த்து உள்ளே விடும் இலவச சர்வர் மென்பொருள். பட்டர்வொர்த் நண்பர் ஒரே வரியில் கேட்டார்: “முப்பது பேர் ஆபீஸ், வைஃபைக்கு ஃப்ரீரேடியஸ் போடலாமா அண்ணே?” போன வாரம் கேட்டிருந்தால் ‘போடு தம்பி’ என்று முடித்திருப்பேன். இது சர்வர் சான்றிதழை, அதாவது ‘நான்தான் உங்கள் சர்வர்’ என்று போன்களுக்குக் காட்டும் டிஜிட்டல் அடையாளத்தை, புதுப்பித்த வாரம்.

முதலில் ஃப்ரீரேடியஸுக்குரிய நியாயம். பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் இடத்தில் மூன்று வருஷமாக 3.2 பதிப்பு ஓடுகிறது. தானாக விழுந்ததே இல்லை. கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் கிடைக்கிற சாதாரண மினி பிசி போதும். ஆக்சஸ் பாயிண்டின் (வைஃபை தரும் பெட்டியின்) ஐபி, அதற்கும் சர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல், யுடிபி போர்ட் 1812, 1813, தொடங்க இவ்வளவுதான். ரகசியச் சொல்லில் ஓர் எழுத்து பிசகினால் மறுப்புக்கூட வராது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும், நாம் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்போம்.

2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் ஓட்டை வெளிவந்தது: நடுவில் நிற்பவர் சர்வரின் பதிலைப் போலியாக்கலாம். 3.2.5க்குக் கீழே இருப்பவர்கள் இன்றே ஏற்றிவிடுங்கள். பாக்கெட்டை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரையான மெசேஜ்-ஆத்தென்டிகேட்டரைக் கட்டாயமாக்கினால் 802.1எக்ஸ் (ஆளுக்கொரு கணக்கோடு நுழையும் முறை) பயனர்களுக்கு ஒன்றும் ஆகாது, அதில் அது எப்படியும் இருக்கும். மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்ணை) வைத்து உள்ளே விடுகிற பிரிண்டரும் கேமராவும்தான், சுவிட்ச் பழசாக இருந்தால், வெளியே நிற்கும்.

டீபக் முறை தங்கம். சேவையை நிறுத்திவிட்டு, பெரிய எக்ஸ் கொடியோடு (-X) கையால் ஓட்டினால் எந்த மாட்யூல் எதைப் பார்த்து என்ன முடிவெடுத்தது என்று வரிவரியாகச் சொல்லும். காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளில் இந்த நேர்மை அபூர்வம்.

ஆனால் சான்றிதழ் விஷயத்தில் அந்தத் தங்கமும் வாயை மூடிக்கொள்ளும். ‘அடுத்ததைச் சொல்’ என்று சர்வர் கேட்கும் ஆக்சஸ்-சேலஞ்ச் நாலைந்து முறை போகும், பிறகு பதிலே வராது. ரிஜெக்ட் இல்லை, பிழைச் செய்தி இல்லை. சான்றிதழ் பிடிக்காமல் பேச்சை நிறுத்தியது போன்தான். சர்வரைத் திட்டிப் பயனில்லை. தெரிந்தும் திட்டத்தான் தோன்றுகிறது.

கூடவே வரும் மாதிரிச் சான்றிதழுக்கு ஆயுள் 60 நாள், அதை நம்பி இறங்காதீர்கள். சொந்த சிஏ (மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் தலைமைச் சான்றிதழ்) ஒன்றைப் பத்து வருஷத்துக்கு உருவாக்கி, சர்வர் சான்றிதழை 825 நாளுக்குள் வையுங்கள். ஆப்பிள் அதற்கு மேல் ஏற்காது. ‘சர்வர் ஆத்தென்டிகேஷன்’ என்ற நீட்டிப்பு இல்லையென்றால் விண்டோஸ் நகராது. ஆண்ட்ராய்டில் டொமைன் பெயரும் கேட்கும், அதைச் சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பகுதியில் (SAN) வைத்துவிடுங்கள். 2020 கடைசியிலிருந்து பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற வழியும் அடைபட்டுவிட்டது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல. இலவச 90 நாள் பொதுச் சான்றிதழ் போட்டால், ப்ரொஃபைல் (எந்தச் சான்றிதழை நம்ப வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) ஏற்றாத ஐபோன் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ‘நம்பலாமா?’ என்று கேட்கும். கோப்பை மாற்றிய பிறகு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: வட்டில் புதுசு, நினைவகத்தில் பழசு.

நண்பருக்குப் பதில்: வேண்டாம் தம்பி. போன்களுக்கு ப்ரொஃபைலைத் தள்ள எம்டிஎம் (போன்களைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள்) இல்லாத இடத்தில், முப்பது பேரின் கைபேசியையும் ஒவ்வொன்றாக வாங்கி உட்காரணும். பாயான் லெப்பாஸில் இருப்பதைக் கழற்றுவோமா என்று கேட்காதே. கழற்ற மாட்டோம்.