ஸ்னோஃப்ளேக்கா, ஹனிகோம்பா: வீட்டுத் தொட்டிக்கு எந்த அஞ்சாலை?

களியக்காவிளையை ஒட்டிய எங்கள் பகுதியில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அஞ்சாலை (மோரே ஈல் எனப்படும் பாம்பு வடிவக் கடல்மீன்) வளர்க்க ஆசைப்பட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டு இனங்களில் வந்து நிற்கும்: ஸ்னோஃப்ளேக், ஹனிகோம்ப். முதலாவதை நான் வளர்க்கிறேன். இரண்டாவது நண்பர் ஒருவரின் வீட்டில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் மாற்றும் வேலையில் நானும் கை கொடுப்பதுண்டு.

கம்பீரத்தில் ஹனிகோம்பே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. மற்றபடி இரண்டுக்கும் ஒளிந்துகொள்ளப் பொந்து வேண்டும். இரண்டுக்கும் செதில் இல்லாததால் செம்பு கலந்த மருந்து ஆகாது. மூடியில் சிறு சந்து கிடைத்தாலும் இரண்டுமே வெளியேறிவிடும். பொந்து அமைக்கக் கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுத்து வரக்கூடாது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிவிசி குழாயும் சுட்ட மண் ஓடுகளுமே போதும்.

பல்லில் வேறுபாடு உண்டு. நண்டையும் இறாலையும் நொறுக்கித் தின்னும் ஸ்னோஃப்ளேக்கின் பற்கள் மழுங்கியவை. மீனையும் கணவாயையும் பிடிக்கும் ஹனிகோம்பின் பற்கள் ஊசிபோல் கூரியவை. அஞ்சாலையின் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் தாடை முன்னே வந்து இரையைக் கவ்வி உள்ளிழுப்பதை ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். எனவே எந்த இனமானாலும் கையால் தீனி கொடுப்பது தவறு, நீளமான இடுக்கிதான் சரி.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது தண்ணீர். ஸ்னோஃப்ளேக் வழக்கமாக 60 முதல் 70 செ.மீ. வரை வளரும், 250 லிட்டர் தொட்டி அதற்குப் போதும். ஹனிகோம்போ 1.8 மீட்டரைத் தொடக்கூடியது. அதற்கு 1,000 லிட்டருக்குக் குறைவாக நினைக்கவே கூடாது, அந்தத் தண்ணீர் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் என்பதால் மாடி வீட்டுக்காரர்கள் தளத்தின் வலுவையும் பார்க்க வேண்டும். தின்ற இறைச்சியெல்லாம் கழிவாகி அம்மோனியாவாக மாற, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. அந்த நைட்ரேட்டைக் குறைக்க நம்பகமான வழி தண்ணீர் மாற்றுவதுதான். இரு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுவதாகக் கொண்டால், எனக்கு 50 லிட்டர், நண்பருக்கு 200 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பத்து. செயற்கை உப்பைக் கரைப்பதென்றால் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் அவருக்கு ஒவ்வொரு முறையும் 7 கிலோ தேவைப்படும். எனக்கு இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும்.

கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஜூனில் மழை பிடித்த பிறகு தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கலக்கும் இடத்தருகே மொண்ட நீர் கலங்கலாகவும் உப்புக் குறைந்தும் இருக்கும், நீரின் அடர்த்தியைக் கொண்டு உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.023 அருகே நிற்கும் நீர் வேண்டுமென்றால் பொழிமுகத்தை விட்டு வெகுதூரம் தள்ளிப் போக வேண்டும். இரண்டு மூன்று கேனுக்காக அப்படிப் போகலாம், பத்துக் கேனுக்காக மழைக்காலம் முழுவதும் போவது கடினம். பெரிதாகிவிட்ட ஹனிகோம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையையும் நான் இதுவரை கண்டதில்லை.

சிறியது என்பதால் ஸ்னோஃப்ளேக்கிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். தோலுரித்த இறால் துண்டு ஒன்றை நீரில் காட்டியதும், குழாயின் வாயில் அதன் மஞ்சள் மூக்குக் குழல்கள் முதலில் தெரியும். பார்வை மங்கலாதலால் துண்டைத் தாண்டிப் போய், மணம் பிடித்துத் திரும்பி, ஒரே இழுப்பில் கவ்வும். அது வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பது சீற்றத்தால் அல்ல, செவுள்களுக்கு நீர் செலுத்தும் மூச்சு அது.

என்னுடையது இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், முழு வளர்ச்சிக்குப் பின் இந்த 250 லிட்டர் எவ்வளவு தாராளமாக இருக்கும் என்பதை அனுபவமாகச் சொல்ல இயலாது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியைப் பெரியதாக வைத்தால் நண்பரின் சுமை ஓரளவு குறையவும் கூடும். பெரிய தொட்டிக்கு இடமும் ஆளும் இருப்பவர்கள், ஹனிகோம்புக்கு முன் நண்டு தின்னும் ஸீப்ரா அஞ்சாலையைப் பற்றி விசாரிக்கலாம். நான் வளர்த்ததில்லை, ஆனால் அதன் பற்களும் நொறுக்குவதற்கே அமைந்தவை. அதுவும் ஒன்றரை மீட்டர் வரை வளரும் என்பதால் கேன் கணக்கை மட்டும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.