மதுரைப் பதிப்பின் விளையாட்டுப் பக்கம்: ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பை, குறிப்பாக அதன் விளையாட்டுப் பக்கத்தை, இங்கே மதிப்பிட எண்ணுகிறேன். நாளிதழின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்கு வரும் வேறொரு நாளிதழையும் அவ்வப்போது புரட்டுகிறவன் என்ற முறையில், பெயரை மாற்றிப் போட்டாலும் மதிப்பீடு பெரிதாக மாறாது என்று சொல்ல முடியும். ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டி வாங்கும் பொருள் எதுவாயினும் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த பெருங்குறை ஒன்றே: தமிழ்நாட்டின் கால்பந்து அணிகள் நாட்டின் உயர்ந்த கோப்பைகளை வென்றபோதுகூட, இந்தப் பக்கம் அவற்றை நம் அணிகளாக ஒருபோதும் நடத்தவில்லை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். நாளிதழ் வரும் நேரத்தில் குறை காண முடியாது. மழைக்காலத்திலும் காலைக் காப்பிக்கு முன்பே முகப்பில் கிடக்கும். மாவட்டச் செய்திகளுக்கான பக்கங்கள் நிறைவாகவே இருக்கின்றன. பொங்கலையொட்டி நடக்கும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு அது ஒதுக்கும் இடமும், காளைகளின் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து எழுதும் அக்கறையும் பாராட்டத்தக்கவை. கபடிக்கும் பள்ளி விளையாட்டு விழாக்களுக்கும் ஓரளவு இடம் கிடைக்கிறது. சதுரங்கத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க 2024இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியைச் சுற்று வாரியாக, புள்ளிப் பட்டியலோடு வெளியிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, திருப்புமுனையான நகர்த்தல் எது என்பதைப் பலகைப் படத்தோடு விளக்கினார்கள். சதுரங்கக் காயைத் தொட்டறியாத என் அப்பத்தாகூட அந்த நாட்களில் “இன்னைக்கி யாரு செயிச்சா?” என்று கேட்கத் தொடங்கியிருந்தார். வாசகருக்குப் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்தைத் தொடர்ந்து எழுதிப் பழக்கிவிடும் திறமை இந்த ஆசிரியர் குழுவுக்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கால்பந்தில் அவர்கள் காட்டும் அலட்சியம் உறுத்துவதும் அதனால்தான்.

2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அதைப் போன்ற ஓர் ஆண்டு அதற்கு முன் வாய்த்ததில்லை. மார்ச் 9ஆம் தேதி, கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் வீழ்த்தி, சென்னை சிட்டி எஃப்.சி. தேசிய அளவிலான கால்பந்துத் தொடரான ஐ-லீகின் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீகை வென்றது அதுவே முதல்முறை. அந்த மாலையின் பரபரப்பை நேரலையில் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியுடன் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால், சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பையைத் தட்டிச்செல்லக் காத்திருந்தது. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் தற்காப்பு வீரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தில் வென்றது. முடிவில் 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி முதலிடம், 42 புள்ளிகளுடன் ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்த அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் மாநிலத்து இளைஞர்கள் ஆடினார்கள். மான்சி அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல்கள் அடித்திருந்தார். கதையாகச் சொல்ல இத்தனை இருந்தும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இதழில் விளையாட்டுப் பக்கத்தின் மேல்பாதியை மொகாலியில் அன்று நடக்கவிருந்த இந்தியா-ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டத்தின் முன்னோட்டம் எடுத்துக்கொண்டது. கோப்பையை வென்ற செய்தி அடியில், ஒரு டெண்டர் அறிவிப்பை ஒட்டி, ஒற்றைப் பத்தியில் இருந்தது. அதற்கு இட்ட தலைப்பிலும் அணியின் பெயர் தவறு: இந்தியன் சூப்பர் லீக் என்னும் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரில் ஆடும் சென்னையின் எஃப்.சி. என்ற வேறொரு அணியின் பெயரைப் போட்டிருந்தார்கள். இரண்டு பெயர்களும் ஒன்றுபோல இருப்பதும், இரண்டு அணிகளின் அரங்குகளுக்கும் நேருவின் பெயரே இருப்பதும் குழப்பம் தருபவைதான். ஆயினும் மும்பை இந்தியன்ஸ் என்று போட வேண்டிய இடத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் என்று அச்சாகியிருந்தால் அன்று காலையே அலுவலகத் தொலைபேசி ஓய்ந்திருக்காது. திருத்தம் எதுவும் வெளியானதாக எனக்குத் தெரியவில்லை.

அதைவிட நம் பக்கத்துக்கு நெருக்கமானது சேது எஃப்.சி. மதுரையைச் சேர்ந்த இந்த மகளிர் அணி, அதே ஆண்டு மே 22ஆம் தேதி லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வென்று நாட்டின் சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் அணிகளை வெல்வது எவ்வளவு கடினம் என்பது ஆட்டத்தைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும். காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில், இந்த நாளிதழ் பதிப்பாகும் அதே ஊரில் இருக்கும் ஓர் அணி அது. மறுநாள் மே 23, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். அன்றும் அதற்கடுத்த நாளும் வேறெந்தச் செய்திக்கும் இடமில்லாமல் போனதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். எந்த ஆசிரியரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் தேர்தல் பரபரப்பு அடங்கிய பிறகும், கோப்பையோடு ஊர் திரும்பிய பெண்களைப் பற்றி ஒரு பேட்டி, ஒரு முழுப் படம், அவர்கள் எந்த மைதானத்தில் பயிற்சி செய்கிறார்கள் என்று ஒரு வரி, எதுவும் வரவில்லை. மாத இறுதியில் கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. அத்தோடு அந்தச் செய்தி முடிந்தது. 2022இல் அதே அணி கோகுலம் கேரளத்திடம் தோற்று இரண்டாமிடம் பெற்றபோதும் நிலைமை மாறவில்லை. சேதுவுக்கு ஆடிய கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலும் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணிகளில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரைப் பற்றி நான் அறிந்தவை எல்லாம் வேறு இடங்களில் படித்தவையே.

சென்னையின் எஃப்.சி.க்கு ஓரளவு நல்ல காலம்; உரிமையாளர்களில் தோனியும் அபிஷேக் பச்சனும் இருந்தது அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தையே புனேயில் ஆட நேர்ந்த அணி, கோவாவில் நடந்த இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் பெற்று 3-2 என்று வென்றது. 2018 மார்ச்சில் பெங்களூரு எஃப்.சி.யை அதன் சொந்த மண்ணிலேயே அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாவது கோப்பையைப் பெற்றது. இரண்டுக்கும் மறுநாள் படத்தோடு செய்தி வந்தது. ஆனால் 2018இல் வந்த படத்தில் நடுவில் நின்றவர் அபிஷேக் பச்சன்; அன்று தலையால் முட்டி இரண்டு கோல்கள் அடித்த மைல்சன் ஆல்வெஸ் ஓரத்தில் பாதி முகத்தோடு இருந்தார்.

இதையெல்லாம் ஒருமுறை நாளிதழின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். “சார், மாவட்டப் பதிப்பு சீக்கிரம் அச்சுக்குப் போயிரும், ராத்திரி மேட்ச் எங்களுக்குக் கிடைக்காது” என்றார். உண்மைதான், வெளியூர்களுக்குச் செல்லும் பதிப்புகளை முன்கூட்டியே முடிக்க வேண்டியிருக்கும். ஆனால் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினாலும் ஐ.எஸ்.எல். ஆட்டம் பத்து மணிக்கு முடிந்துவிடும். அதற்கும் வெகுநேரம் கழித்து முடியும் ஐ.பி.எல். ஆட்டத்தின் முழு ஸ்கோர் அட்டை மறுநாள் காலை எங்கள் வீட்டில் இருக்கிறது. தவிரவும், கோவையில் நடந்த அந்த ஐ-லீக் ஆட்டம் மாலை ஆட்டம். இதைச் சொன்னதும் அவர் இரண்டாவது காரணத்துக்குப் போனார்: “உங்க பக்கம் புட்பால் யாரு சார் படிக்கிறா?”

அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. செட்டிநாட்டில் கால்பந்துக்குப் பெரிய கூட்டம் இல்லை என்பது மெய். எங்கள் தெருவில் மாலையில் மட்டை பிடிக்கும் பிள்ளைகளே அதிகம். ஆனால் வாசகர் விருப்பம் தானாகவே முளைத்து வருவதல்ல என்பதற்கு இதே நாளிதழ் தந்த ஓர் எடுத்துக்காட்டு என்னிடம் இருக்கிறது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் டி.என்.பி.எல். கிரிக்கெட் தொடர் தொடங்கியபோது அதில் ‘காரைக்குடி காளை’ என்று ஓர் அணி இருந்தது. 2019 பருவம் வரை அந்தப் பெயரில் ஆடியது. பிறகு திருப்பூர் தமிழன்ஸ் என்று ஊரையே மாற்றிக்கொண்டது. அது ஆடிய சொந்த ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும்தான். காரைக்குடியில் ஓர் ஆட்டம்கூட நடந்ததில்லை. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தக் கிரிக்கெட் அணிக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, வீரர் பட்டியல், ஆட்ட அட்டவணை, புள்ளி நிலை எல்லாம் வெளியிட்டார்கள். படித்தோம், சில மாதங்களுக்குப் பிள்ளைகள் ‘நம்ம காளை’ என்றே பேசினார்கள். எழுதினால் படிக்கிறார்கள், பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தங்களுடையது என்று கொள்கிறார்கள். நாடு முழுவதற்கும் சாம்பியனான மதுரை அணிக்கு அந்த அரைப் பக்கத்தில் கால் பங்கு கிடைத்திருந்தால், அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரியில் படிக்கும் பெண்களில் சிலராவது அந்த அணியின் தேர்வு முகாம் எப்போது என்று விசாரித்திருப்பார்கள்.

உண்மையில் இவர்களிடம் இல்லாதது இடமல்ல, தொடர்ச்சி. கிரிக்கெட் தொடரென்றால் நேற்று என்ன, இன்று யாரோடு, நாளை எங்கே என்று நூல் அறுபடாமல் செல்கிறது. கால்பந்துச் செய்தியோ செய்தி நிறுவனம் அனுப்பியதை மொழிபெயர்த்த ஆறேழு வரியாக எங்கிருந்தோ வந்து விழுகிறது. முந்தைய ஆட்டம் என்னவாயிற்று, அணி பட்டியலில் எங்கே நிற்கிறது, அடுத்த ஆட்டம் எப்போது என்ற மூன்றும் அதில் இருப்பதில்லை. நடுவில் ஓர் அத்தியாயத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வாசகருக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீகில் ஆடவில்லை. கோப்பை வென்ற ஓர் அணி இரண்டே ஆண்டுகளில் ஏன் அப்படி மறைந்தது என்பது எந்த விளையாட்டு நிருபருக்கும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த செய்தி. அணி வென்றதே பதிவாகாத பக்கத்தில் அது மறைந்தது பதிவாகும் என்று எதிர்பார்க்க முடியாதுதான்.

எங்கள் அம்மான் ஒருவர் மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறார். அந்த மாநிலத்துக் கால்பந்து அணியான பேராக் ஆடிய நாட்களில் அவரோடு வேறு எதைப் பற்றியும் பேச முடிந்ததில்லை. சேது அணி வென்ற செய்தியை அவர்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், “உங்க ஊர்ப் பிள்ளைகதானேப்பா?” என்ற கேள்வியோடு. மதுரைச் செய்தி மலேசியா போய்க் காரைக்குடிக்குத் திரும்பி வந்தது.

நாளிதழின் கைப்பேசிச் செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்னிதழ் ஒழுங்காகத் திறக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கலாம். விளையாட்டுப் பிரிவில் கிரிக்கெட்டுக்கு ஒரு தலைப்பு, மற்ற எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து இன்னொரு தலைப்பு. அறிவிப்புகளில் கால்பந்தை மட்டும் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஐரோப்பிய அணிகளின் வீரர் மாற்றங்கள் உடனுக்குடன் வருகின்றன என்பது வேறு.

மாவட்டச் செய்தி, கோயில் திருவிழா, சதுரங்கம், கிரிக்கெட் ஆகியவற்றுக்காக வாங்குபவர்களுக்கு இந்த நாளிதழைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தமிழ்நாட்டுக் கால்பந்தைத் தொடர விரும்புகிறவர் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆங்கில நாளிதழ் ஒன்றையும், அணிகளின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத வாசகருக்கு இது கூடுதல் சுமை என்பதை நாளிதழ்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் தருகிறேன். அந்த இரண்டும் சதுரங்கத்துக்காக.

சந்தாவைப் புதுப்பிக்க வந்த முகவரிடம், இம்முறை ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டினேன். காரணம் கேட்டார், சொன்னேன். “அண்ணே, புட்பால் போடலன்னு சந்தாவக் கொறச்ச மொத ஆளு நீங்கதான்” என்று சிரித்துவிட்டு ரசீது எழுதினார். அந்த ரசீதின் பின்புறத்தில் என் கோரிக்கையையும் எழுதிக்கொடுத்திருக்கிறேன்: திங்கட்கிழமைதோறும் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் தமிழ்நாட்டு அணிகளின் கடந்த வார முடிவுகள், புள்ளி நிலை, வரும் வார ஆட்டங்கள் என்று ஒரு சிறு கட்டம், அணியின் பெயரைச் சரியாகப் போட்டால் போதும், படம்கூட வேண்டாம்.