₹18,700 போச்சு: முதல் பிசி அசெம்பிள் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க

முதன்முதலா சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன், முடிச்சதும் எந்த பார்ட்டோட எது பொருந்தும்னு விலாவாரியா எழுதுறேன்னு போன மாசம் வீராப்பா சொல்லியிருந்தேன். அதை எழுதற நிலைமையில இப்ப இல்லை. ₹18,700 போச்சு. நேத்து சாயங்காலம் காட்பாடியில ட்ரெயினை விட்டு இறங்கினதுல இருந்து வயிறு எரியுது. கோவத்துல எழுதறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் வேலூர்ல ஒரு ஸ்டுடியோவுல கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன். ராத்திரியில வீட்ல உக்காந்து தனியா ஆர்டர் எடுத்துப் பண்ணலாம்னு ரொம்ப நாள் ஆசை. சீட்டுப் பணம் கைக்கு வந்துச்சு. ஸ்டுடியோ முதலாளி தன்கிட்ட சும்மா கிடந்த ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டை, "எடுத்துட்டுப் போடா, ஓடற வரைக்கும் ஓட்டு"ன்னு குடுத்தார். மிச்சத்தை மட்டும் வாங்கினா போதும்.

சும்மா போகலை. மூணு வாரம் வீடியோ பார்த்து, நோட்டுப் போட்டு எழுதினேன். ப்ராசஸர் ரைசன் 5 5600. அதுல ஸ்க்ரீனுக்குப் படம் அனுப்பற கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில உண்டு. ஆனா ஜி-யில எல்3 கேச் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 16 எம்பிதான், 5600ல 32. கார்டு கையில இருக்கறதால 5600 போதும்னு முடிவு. மதர்போர்டு பி550 (அதுல இருக்கற சிப்செட்டோட பேர்). டிடிஆர்4 ராம் எட்டு ஜிபி ரெண்டு. 500 ஜிபி என்விஎம்இ (ஃபைல் சேமிக்கற எஸ்எஸ்டி). 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ப்ரான்ஸ் ரேட்டிங். ஒரு சின்ன கேபினட். இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினவன்தான் ஏமாந்தேன். அதனால "எனக்கு எல்லாம் தெரியும்"னு நினைக்கறவங்க முக்கியமா படிங்க.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். அந்தத் தெருவையே குறை சொல்லலை. என் ஸ்டுடியோவுக்குப் பத்து வருஷமா அங்க இருந்துதான் சாமான் வருது, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. நான் போனது ஒரு குறுகலான படிக்கட்டு ஏறி மாடியில இருக்கற கடை. பேர் சொல்லப் போறதில்லை, புகார் நடந்துட்டு இருக்கு.

கடைக்காரருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். என் நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சார். "லிஸ்ட் யாரு போட்டது, நீங்களா தம்பி? இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு சாக்கெட்னா என்னன்னே தெரியாது. நீங்க கரெக்டா எழுதியிருக்கீங்க"ன்னார். அவ்வளவுதான், உருகிட்டேன். மூணு வாரம் தனியா ராத்திரி உக்காந்து படிச்சதுக்கு முதல் தடவையா ஒருத்தர் பாராட்டறார். எந்த ஊர்னு கேட்டார். வேலூர்னேன். "அட, என் மச்சினிச்சியை சத்துவாச்சாரியிலதானே குடுத்திருக்கு"ன்னார். டீ வந்துச்சு. நெஜமா மச்சினிச்சி இருக்காங்களா, யாருக்குத் தெரியும்.

டீ பாதி குடிக்கும்போது, "பி550 இன்னிக்கு ஸ்டாக் இல்லை தம்பி. பி450 எடுத்துக்கோங்க. ஒரே சாக்கெட்டு, ஏஎம்4. உங்களுக்கு 2,500 ரூபா மிச்சம்"ன்னார். (சாக்கெட்னா போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம். பயாஸ்னா பட்டனை அழுத்தினதும் முதல்ல ஓடற, போர்டுக்குள்ளயே இருக்கற சின்ன ப்ரோக்ராம்.) அப்பவும் நான் கேட்டேன், சத்தியமா கேட்டேன்: "பழைய போர்டுல 5600 போடணும்னா பயாஸ் அப்டேட் பண்ணணும்னு படிச்சேனேண்ணா?" அவர் சிரிச்சார். "அதெல்லாம் பண்ணித்தான் தம்பி வருது. நான் குடுக்கறேன்ல, நான் பாத்துக்கறேன்."

என் 1650 கார்டு பிசிஐஇ (கார்டை போர்டுல மாட்டற இணைப்பு) 3.0. பி450யும் 3.0. அதனால வேகத்துல நஷ்டம் இல்லைன்னு எனக்கு நானே கணக்குப் போட்டு சமாதானம் ஆயிட்டேன். படிச்சவன் புத்தி.

அடுத்தது பில். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி. உங்க 32,500க்கு 5,850 கூட வரும். எதுக்கு தம்பி? வாரண்டிக்கு பில்லு வேணாம், நான் இருக்கேன்." ஒரு வெள்ளைத் துண்டுல பேனாவால எழுதிக் குடுத்தார். மேல 'எஸ்டிமேட்'னு இருக்கு. கடைப் பேர் இல்லை, சீல் இல்லை, தேதிகூட நான் கேட்டு எழுதினது. கவுன்டர்ல ஒட்டியிருந்த க்யூஆர் வேலை செய்யலைன்னு ஒரு மொபைல் நம்பர் குடுத்தார். பணம் அனுப்பினா யாரோ ஒரு தனி ஆள் பேர் வருது. "நம்ம பையன்தான், அனுப்புங்க"ன்னார். அனுப்பினேன். ப்ராசஸர் 12,300. போர்டு 6,400. இந்த ரெண்டும் சேர்த்துத்தான் ₹18,700. நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, எனக்கு மறக்கவே மாட்டேங்குது.

வீட்டுக்கு வந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மாட்டினேன். கேபிள் எல்லாம் அழகா பின்னாடி கட்டினேன். பட்டனை அழுத்தினா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்லை. போர்டு ஓரத்துல சிபியுன்னு எழுதியிருக்கற இடத்துல ஒரு சின்ன சிவப்பு விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அம்மா எட்டிப் பார்த்து, "படம் வரலையாடா?"ன்னாங்க. வரும்மான்னேன்.

மறுநாள் காலையில போன் பண்ணேன். "ராமைக் கழட்டி மாட்டுங்க." மாட்டினேன். சாயங்காலம் பண்ணேன். "மானிட்டர் கேபிளை மாத்துங்க." மாத்தினேன். ரெண்டாம் நாள்: "உங்க பழைய கார்டு டெட்டு தம்பி, புதுசு ஒண்ணு எடுங்க, நம்மகிட்ட இருக்கு." கார்டைத் தூக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போய் அங்க மாட்டிப் பார்த்தேன், ஜம்முனு ஓடுது. வீடியோ எடுத்து அனுப்பினேன். அதுக்கு பதில் இல்லை. மூணாம் நாள் வேற குரல் எடுத்துச்சு: "ஓனர் வெளியூர் போயிருக்கார், வியாழக்கிழமை கூப்பிடுங்க."

அன்னிக்கு ராத்திரிதான் குப்பையில போட வச்சிருந்த போர்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மூலையில ஒரு ஸ்டிக்கர். 'ரைசன் 3000 ரெடி'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி போட்டிருக்கு. 5000 இல்லை. 3000.

புரியாதவங்களுக்குச் சொல்றேன். பி450 சிப்செட் வந்தது 2018ல. ரைசன் 5000 வரிசை வந்தது 2020 நவம்பர்ல, 5600 அதுக்கும் அப்புறம் 2022ல. சாக்கெட் ஒண்ணுதான், ப்ராசஸர் உள்ள சரியா உக்காரும். ஆனா போர்டுல இருக்கற பயாஸ் அது தயாரான காலத்து ப்ராசஸர் வரைக்கும்தான் அடையாளம் கண்டுபிடிக்கும். வாசல்ல புதுசா வந்த ஆளை வாட்ச்மேனுக்குத் தெரியலைன்னா கதவைத் திறக்க மாட்டார் இல்லையா, அப்படி. அப்டேட் பண்ணா சரியாயிடும். ஆனா அப்டேட் பண்ணணும்னா மெஷின் ஆன் ஆகணும், ஆன் ஆகணும்னா ஒரு பழைய ப்ராசஸர் போடணும். சில போர்டுல ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ்ல அப்டேட் பண்ற பட்டன் பின்னாடி இருக்கும். எனக்குத் தள்ளிவிட்ட போர்டுல அது இல்லை. கடையில பழைய ரைசன் ஒண்ணு இருந்தா பத்து நிமிஷ வேலை. கோவம்கூட வரலை, கண்டுபிடிச்சுட்டோம்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

கேபினட்டை பெட்ஷீட்ல சுத்தி மடியில வச்சுக்கிட்டு மறுபடி சென்னை. "அண்ணா, பயாஸ் மட்டும் அப்டேட் பண்ணிக் குடுத்துருங்க, வேற ஒண்ணும் வேணாம்"னேன். "குடுங்க, பையன் பண்ணுவான். நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க." இங்கதான் நான் பண்ண பெரிய தப்பு. போனேன். கால் மணி நேரம் கழிச்சு வந்தா, மேஜை மேல ப்ராசஸரோட கூலர் ஃபேனைக் கவுத்து வச்சிருக்கு. அதோட அடியில ப்ராசஸர் ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஏஎம்4 ப்ராசஸருக்கு பின் எல்லாம் அடியிலதான், மொத்தம் 1,331. கூலரோட வர்ற, சூட்டைக் கடத்தற பேஸ்ட் கெட்டியா பிடிச்சுக்கும். நாலு திருகையும் கழட்டினதும் நேரா மேல இழுத்தா, ப்ராசஸரைப் பிடிச்சு வைக்கற லிவர் மூடியிருந்தாலும் அது சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கிட்டு வந்துரும். மெதுவா இப்படியும் அப்படியும் திருகி விட்டுத்தான் எடுக்கணும். அந்தப் பையன் இழுத்திருக்கான். ஒரு மூலையில ஒரு வரிசை பின் சாஞ்சு போச்சு, ரெண்டு பின் காணவே இல்லை. உடைஞ்சு போர்டு சாக்கெட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. ப்ராசஸரும் போச்சு, போர்டும் போச்சு. ஒரே இழுப்புல ₹18,700.

பையன் என் முகத்தைப் பார்க்கலை. கடைக்காரர் வந்து லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு, "பின்னு வளைஞ்சிருக்கே தம்பி. நீங்க மாட்டும்போதே தப்பா மாட்டியிருக்கீங்க. இது பிசிகல் டேமேஜ், கம்பெனி வாரண்டி வராது"ன்னார். அதே ஆள். கரெக்டா லிஸ்ட் போட்டிருக்கீங்கன்னு சொன்ன அதே வாய். தப்பா மாட்டியிருந்தா கூலர்ல எப்படிண்ணா ஒட்டிக்கிட்டு வரும்னு கேட்டேன். "கஸ்டமர் நிக்கறாங்க, ஓரமா வாங்க." நீங்கதானே பாத்துக்கறேன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். "வச்சுட்டுப் போங்க, டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட பேசறேன்." வச்சுட்டு வந்தா அதுவும் காணாமப் போகும்னு தோணுச்சு, தூக்கிட்டு வந்துட்டேன். படிக்கட்டு இறங்கும்போது பின்னாடி யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு. என் பிரமையாக்கூட இருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் தனிக்கதை. 550 வாட் ப்ரான்ஸுக்கு 3,900 வாங்கிட்டு டப்பாவுக்குள்ள வேற எதையோ வச்சிருக்காங்க. தூக்கினாலே காத்து மாதிரி லேசா இருக்கு. லேபிள்ல பெருசா 500 வாட். கீழ பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்குங்க, 192 வாட். ப்ராசஸர், கார்டு ரெண்டும் பெரும்பாலும் இழுக்கறது அந்த 12 வோல்ட்லதான். இதை ₹18,700ல சேர்க்கவே இல்லை.

எழுதறேன்னு சொன்ன பொருத்தப் பட்டியலுக்கு இப்ப பொறுமை இல்லை. தோணறதை மட்டும் சொல்றேன். சாக்கெட் ஒண்ணுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, போர்டு கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலோட சிபியு சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, உங்க ப்ராசஸருக்கு நேரா எந்த பயாஸ் வெர்ஷன் போட்டிருக்குன்னு பாருங்க, டப்பா ஸ்டிக்கரையும் பாருங்க. இன்டெல்லயும் இதே கதைதான், பழைய பயாஸோட வர்ற 600 வரிசை போர்டுல 13ம் தலைமுறை ப்ராசஸர் போட்டா அப்டேட் வேணும். அங்க பேருக்குப் பின்னாடி எஃப் இருந்தா கிராஃபிக்ஸ் இல்லை. டிடிஆர்4, டிடிஆர்5 ராம் ஒண்ணுக்கொண்ணு மாறாது, வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்தாதீங்க. ஏஎம்5 போர்டுன்னா டிடிஆர்5 மட்டும்தான். கடையிலேயே மாட்டி, ஸ்க்ரீன்ல படம் வந்தப்புறம் பணம் குடுங்க. அப்டேட், ரிப்பேர் எதுவா இருந்தாலும் பக்கத்துல நின்னு வீடியோ எடுங்க, டீ குடிக்கப் போகாதீங்க. ஜிஎஸ்டி பில் வாங்குங்க. 5,850 மிச்சம் பிடிக்கப் போய்த்தான் என்கிட்ட இன்னிக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சிருக்கேன். பில் விவரம் கேட்டப்ப அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம். யுபிஐ ரசீது, எஸ்டிமேட், வாட்ஸ்அப் பேச்சு, கூலர்ல ப்ராசஸர் ஒட்டிக்கிட்டு இருந்த போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். அந்த போட்டோவை அங்கயே எடுத்தது ஒண்ணுதான் நான் உருப்படியா பண்ண காரியம்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கடை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்திருக்கு. '5600 + பி450 காம்போ, ஸ்டாக் தீர்வதற்குள் வாங்குங்கள்'. போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். டப்பா மூலையில அதே 3000 ஸ்டிக்கர். சென்னைப் பக்கம் யாராவது இந்த வாரம் போறதா இருந்தா அந்த மூலையைப் பாருங்க.

வேலூர், ஆற்காடு பக்கம் ஏஎம்4 ப்ராசஸருக்கு உடைஞ்ச பின் ஒட்டற ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. ரெண்டே ரெண்டு பின்தான்.