மாடிப்படி இறங்கும் சாயம்: ஓர் அகராதிச் செயலி

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறேன். பெரும்பாலும் மிக்சி, வாஷிங் மெஷின் கையேடுகள். எட்டு மாதம் முன்பு ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதிச் செயலிக்கு 299 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட் இல்லாமலும் ஓடுகிறது, எழுத்து பெரிது, விளம்பரத் தொல்லை இல்லை.

போன வாரம் ஒரு கையேட்டில் 'கிராஜுவலி' வந்தது. தட்டிப் பார்த்தால் 'படிப்படியாக' என்று ஒரே ஒரு சொல். உதாரண வாக்கியம் கிடையாது. அவசரத்தில் அதையே போட்டு அம்மாவிடம் வாசித்தேன்: "வெந்நீரில் துவைத்தால் துணியின் நிறம் படிப்படியாக வெளுக்கும்."

"சாயம் என்ன, மாடிப்படியா இறங்குது? துவைக்கத் துவைக்க வெளுக்கும்னு எழுதேன்டி."

சரிதானே! படிப்படியாக என்றால் எண்ணக்கூடிய படிகள் வேண்டும். 2016-இல் ஜெயலலிதா படிப்படியாக மதுவிலக்கு என்றார். மே மாதம் பதவியேற்றதும் 500 டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவிட்டு, காலை 10 மணிக்குத் திறந்த கடைகளைப் பகல் 12 மணிக்கு மாற்றினார். அங்கே அந்தச் சொல் கச்சிதம். சாயத்துக்கு எவர் உத்தரவு போட்டார்?

காசு சேருவது சிறுகச் சிறுக. ஊர்ப் பெயர் மருவுவது நாளடைவில். புது மருமகளுக்குப் போகப்போகப் பழகிவிடும். 'வரவர' என்று ஆரம்பித்தாலே பின்னால் ஒரு குறை வரப்போகிறது என்று அர்த்தம். "வரவர நீ போனே எடுக்கிறதில்லை" என்பாள் என் தங்கை. இவற்றில் ஒன்றுகூடச் செயலியில் இல்லை. எறும்பு ஊர ஊரக் கல்லும் தேயும் என்பதில் பாருங்கள், தனிச்சொல்லே தேவைப்படவில்லை, வினையை இரட்டித்தாலே போதும். இதை ஒரு வரிக் குறிப்பாகவாவது போட்டிருக்கலாம். 1992-இல் அச்சில் வந்த க்ரியா அகராதியே பொருளுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தது. செயலியில் இடத்துக்கா பஞ்சம்?

எழுத்துப்பிழை பார்க்க, அவசரத்துக்கு ஒரு சொல் எடுக்க, பரவாயில்லை. ஐந்துக்கு இரண்டரை. சந்தா முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உதாரண வாக்கியம் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். "உங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டு, செயலி படிப்படியாக மேம்படுத்தப்படும்" என்று பதில் வந்தது.